பறவைக்காரர் செய்த முட்டையில்லா கஸ்டர்டு!



கல்யாண வரவேற்பு விருந்துக்கு நீங்கள் எல்லாரும் போயிருப்பீர்கள். சாப்பிட்டு எழுந்ததும் ஒரு சின்னக் கிண்ணத்தில், மஞ்சள் நிறத்தில், குளுகுளுவென்று ஒன்றைத் தருவார்கள். அதில் ஆப்பிள், வாழைப்பழம், திராட்சை, மாதுளை முத்துகள் எல்லாம் மிதக்கும். என்னவென்று கண்டுபிடித்துவிட்டீர்களா? ஆமாம், புரூட் கஸ்டர்டுதான்!

கஸ்டர்டு என்பது உண்மையில் முட்டையும் பாலும் சர்க்கரையும் சேர்த்துச் செய்கிற ஐரோப்பிய இனிப்பு. ஆனால், நீங்கள் சாப்பிட்ட கஸ்டர்டில் பெரும்பாலும் ஒரு துளி முட்டை கூட இருந்திருக்காது. முட்டை சாப்பிடாதவர்கள் வீட்டிலும் அம்மா கடையில் கஸ்டர்டு பவுடர் வாங்கி வந்து, பாலில் கலந்து, பத்தே நிமிடத்தில் செய்து தந்துவிடுகிறார்.

முட்டை இல்லாமல் கஸ்டர்டு எப்படி வந்தது? அதற்குக் காரணமானவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஆல்பிரட் பேர்டு என்ற மருந்துக் கடைக்காரர். பேர்டு என்றால் ஆங்கிலத்தில் பறவை என்று உங்களுக்குத் தெரியும். பறவை என்று பெயர் வைத்துக்கொண்டவர், முட்டையே இல்லாமல் சமைக்க வழி கண்டுபிடித்தார் என்றால் வேடிக்கையாக இல்லை? அவருடைய கதையைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன்.

மருந்துக் கடையில் ஓர் ஆராய்ச்சிசாலை

ஆல்பிரட் பேர்டு 1811ம் ஆண்டு, இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயர் பகுதியில் உள்ள நிம்ப்ஸ்பீல்டு என்ற ஊரில் பிறந்தார். அவருடைய தந்தை வானியல் கற்பித்தவர். சூரியன், சந்திரன், நட்சத்திரம் பற்றிய பேச்சு வீட்டிலேயே கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, எதைப் பார்த்தாலும் ஏன், எப்படி என்று கேட்கிற குணம் வராமல் போகுமா?

வளர்ந்ததும் அவர் பர்மிங்காம் நகரத்துக்கு வந்தார். அங்கே பிலிப் ஹாரிஸ் என்பவரிடம் மருந்து தயாரிக்கும் தொழிலைப் பழகினார். அந்தக் காலத்து மருந்துக் கடை, இன்றைய மருந்துக் கடை மாதிரி இல்லை. அட்டையில் அடைத்த மாத்திரைகள் கிடையாது. உப்பு, அமிலம், வேர், பட்டை எல்லாவற்றையும் கடைக்காரரே நிறுத்து, இடித்து, கலந்து, பொட்டலம் கட்டித் தரவேண்டும். எதை எதோடு கலந்தால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு சிட்டிகை கூடிப்போனாலும் ஆபத்து.

பர்மிங்காம் அப்போது தொழிற்சாலைகளின் நகரம். பொத்தான், பேனா முள், துப்பாக்கி, இயந்திரம் என்று என்னென்னவோ அங்கே தயாராயின. நீராவி இயந்திரத்தைச் சீர்படுத்திய ஜேம்ஸ் வாட், அந்த ஊரில்தான் தன் கூட்டாளி போல்டனோடு சேர்ந்து தொழில் நடத்தினார். சோடாத் தண்ணீர் செய்யும் முறையைக் கண்டுபிடித்த ஜோசப் பிரீஸ்ட்லியும் சில வருடங்கள் அங்கே வாழ்ந்தவர்தான். புதிதாக எதையாவது செய்து பார்ப்பது அந்த ஊரின் காற்றிலேயே இருந்தது என்று சொல்லலாம்.

அந்த நகரத்தின் புல் தெருவில் பேர்டு தம் கடையைத் திறந்தார். பெயர்ப்பலகையில் தம்மை வெறும் மருந்து விற்பவர் என்று எழுதிக்கொள்ளவில்லை. சோதனைகள் செய்யும் வேதியியலர் என்று எழுதிக்கொண்டார். பலகையில் எழுதியதற்கு ஏற்றபடி நடந்தும் காட்டினார்.

எலிசபெத்துக்கு ஒத்துக்கொள்ளாத முட்டை

பேர்டின் மனைவி பெயர் எலிசபெத். அவருக்கு ஒரு தொல்லை இருந்தது. முட்டை சாப்பிட்டால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது. ஈஸ்ட் சேர்த்த பண்டமும் ஒத்துக்கொள்ளாது. ஈஸ்ட் என்பது மாவைப் புளிக்கவைத்து உப்பச் செய்யும் மிக நுண்ணிய பூஞ்சை.

இதில் என்ன பெரிய கஷ்டம், சாப்பிடாமல் இருந்துவிட்டால் போகிறது என்று நீங்கள் நினைக்கலாம். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நமக்குச் சோறு எப்படியோ, இங்கிலாந்துக்காரர்களுக்கு ரொட்டி அப்படி. ரொட்டிக்கு ஈஸ்ட் வேண்டும். விருந்து என்றால் கேக், புட்டிங், கஸ்டர்டு. இவை எல்லாவற்றுக்கும் முட்டை வேண்டும். கஸ்டர்டை அவர்கள் பழத்தின் மேலும், பணியாரங்களின் மேலும் ஊற்றிச் சாப்பிடுவார்கள். நம் வீட்டில் இட்லியோ சோறோ ஒத்துக்கொள்ளாத ஒருவர் இருந்தால் எப்படி இருக்கும்? பண்டிகை நாளில் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும்போது, ஒருவர் மட்டும் வெறும் தட்டோடு உட்கார்ந்திருந்தால் மற்றவர்களுக்குச் சாப்பாடு இறங்குமா?

இப்படி ஓர் உணவு உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் போவதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்றை இன்று ஒவ்வாமை என்கிறோம். ஆங்கிலத்தில் அலர்ஜி. அந்தச் சொல்லே 1906ம் ஆண்டில்தான் பிறந்தது. வியன்னாவைச் சேர்ந்த கிளெமன்ஸ் வான் பிர்கே என்ற குழந்தை மருத்துவர் அதை உருவாக்கினார். நம் உடம்பைக் காக்கும் எதிர்ப்புச் சக்தி, தீங்கில்லாத ஓர் உணவைப் பகைவன் என்று தவறாக நினைத்துச் சண்டைக்குப் போகிறது. அதனால் தடிப்பு, அரிப்பு, வாந்தி, வீக்கம், சில சமயம் மூச்சுத் திணறல் கூட வரும். எலிசபெத் காலத்தில் இந்த விளக்கமெல்லாம் யாருக்கும் தெரியாது.

இந்த இடத்தில் என் தவறு ஒன்றை உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். நான் ஆசிரியர் வேலை பார்த்த காலத்தில், நாலாம் வகுப்பில் ஒரு பையனுக்குப் பிறந்தநாள். கேக் கொண்டு வந்தான். எல்லாருக்கும் ஒரு துண்டு கொடுத்தோம். ஒரு சிறுமி மட்டும் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். பிகு பண்ணுகிறாள் என்று நினைத்து, நண்பன் மனசு நோகக்கூடாது, சாப்பிடு என்று நான்தான் அதட்டினேன். பயந்துபோய்ச் சாப்பிட்டாள். அரை மணி நேரத்தில் உதடு வீங்கிவிட்டது. உடம்பெல்லாம் தடிப்பு. அலறி அடித்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஊசி போட்டார்கள். சாயங்காலத்துக்குள் சரியாகிவிட்டது. குழந்தையிலிருந்தே அவளுக்கு முட்டை ஆகாது என்று அவள் அம்மா சொன்னபோது, நான் தலை குனிந்து நின்றேன். அன்றிலிருந்து ஒரு குழந்தை வேண்டாம் என்று சொன்னால், ஏன் என்று முதலில் கேட்பேன்.

பேர்டு என்ன செய்தார் தெரியுமா? மனைவியை அதட்டவும் இல்லை, உன் தலையெழுத்து என்று விட்டுவிடவும் இல்லை. கடையில் இருந்த தராசையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு சோதனையில் இறங்கினார்.

முட்டை செய்யும் வேலை என்ன?

பாலில் முட்டையை அடித்து ஊற்றிச் சூடாக்கினால் ஏன் கெட்டியாகிறது? முட்டையில் புரதம் இருக்கிறது. அந்தப் புரதம் சூடு பட்டதும் ஒன்றோடு ஒன்று பின்னிக்கொண்டு வலை மாதிரி ஆகிவிடும். பாலில் உள்ள தண்ணீர் அந்த வலைக்குள் மாட்டிக்கொள்ளும். அதனால் பால் கூழ் போலக் கெட்டிப்படும். ஆனால், அடுப்பு கொஞ்சம் அதிகமாக எரிந்தாலும் போச்சு! வலை இறுகித் தண்ணீர் தனியே பிரிந்துவிடும். கஸ்டர்டு திரிதிரியாகிவிடும். முட்டைக் கஸ்டர்டு செய்வது அவ்வளவு எளிதல்ல.

கெட்டிப்படுத்துவதற்கு முட்டையைத் தவிர வேறு பொருளே உலகத்தில் இல்லையா? இருக்கிறதே! நம் வீட்டில் பாட்டி கேழ்வரகுக் கூழ் காய்ச்சுவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? தண்ணீராக இருந்த மாவுக் கரைசல், அடுப்பில் வைத்துக் கிளறக் கிளறக் கெட்டியாகிறது. காரணம் மாவுச்சத்து. மாவுச்சத்து சின்னச் சின்ன மணிகளாக இருக்கும். தண்ணீரில் போட்டுச் சூடாக்கினால் அந்த மணிகள் தண்ணீரைக் குடித்து உப்பும். உப்பிய மணிகள் ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு நிற்பதால் கூழ் கெட்டியாகிறது. முட்டை மாதிரி இது எளிதில் திரிந்து போகாது. நன்றாகக் கொதித்தாலும் பயமில்லை.

பேர்டு அந்த மாவுச்சத்தைப் பிடித்துக்கொண்டார். மாவுச்சத்து, மஞ்சள் நிறம், மணம் ஆகியவற்றை அளவாகச் சேர்த்து ஒரு பொடி தயாரித்தார். அதைப் பாலிலும் சர்க்கரையிலும் கலந்து காய்ச்சினால் கஸ்டர்டு தயார். பார்வைக்கு முட்டைக் கஸ்டர்டு மாதிரியே இருந்தது. இது நடந்தது 1837ம் ஆண்டு. விக்டோரியா மகாராணி பட்டத்துக்கு வந்த அதே வருடம்!

இன்றும் அவர் பெயரில் விற்கும் கஸ்டர்டு பவுடரில் முக்கியமான பொருள் மக்காச்சோள மாவுதான். கடையில் கார்ன்ப்ளோர் என்று கேட்டு வாங்குகிறோமே, அதேதான். மஞ்சள் நிறத்துக்கு அன்னாட்டோ என்ற ஒரு வகை விதையின் சாயத்தைச் சேர்க்கிறார்கள்.

எலிசபெத்தும் கஸ்டர்டு சாப்பிட்டார்!

விருந்தாளிகள் கொடுத்த தீர்ப்பு

தொடக்கத்தில் இது வீட்டுக்காக மட்டும் செய்த பொடி. விற்கும் எண்ணம் பேர்டுக்கு இல்லை. வீட்டுக்கு விருந்தாளிகள் வந்தால், அவர்களுக்கு வழக்கமான முட்டைக் கஸ்டர்டு. எலிசபெத்துக்கு மட்டும் இந்தக் கஸ்டர்டு.

ஒரு நாள் விருந்தில் இந்த முட்டையில்லா கஸ்டர்டு விருந்தாளிகளின் தட்டுக்கே போய்விட்டதாம். கை தவறிப் போனதா, அல்லது பேர்டே சோதித்துப் பார்க்கலாம் என்று அனுப்பினாரா என்று இரண்டு விதமாகவும் சொல்வார்கள். எப்படியோ, விருந்தாளிகள் ரசித்துச் சாப்பிட்டார்கள். அப்போதுதான் பேர்டுக்கு இது தம் வீட்டோடு நிற்க வேண்டிய பொருள் இல்லை என்று தோன்றியது.

யோசித்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் குளிர்சாதனப் பெட்டி கிடையாது. குளிர்காலத்தில் பகல் நேரம் குறைந்தால் கோழிகள் முட்டையிடுவதும் குறையும். அப்போது முட்டைக்குத் தட்டுப்பாடு வரும், விலையும் ஏறும். பொடியோ, டப்பாவில் மூடி வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. ஆக, முட்டை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மட்டும் இல்லாமல், எல்லா வீடுகளுக்குமே அது உதவியது. 1837, 1838ம் ஆண்டுகளில் பர்மிங்காமை மற்ற பெரிய நகரங்களோடு இணைக்கும் ரயில் பாதைகளும் திறக்கப்பட்டன. 1844ம் ஆண்டு வாக்கில் பேர்டின் கஸ்டர்டு பவுடர் நாடு முழுவதும் விற்பனைக்குப் போனது.

ஒரே ஒருவருக்காகச் செய்த பொருள், ஊருக்கே பயன்பட்டது!

அடுத்தது ரொட்டி

கஸ்டர்டு முடிந்தது. ரொட்டிக்கு என்ன செய்வது? எலிசபெத்துக்குத்தான் ஈஸ்ட்டும் ஆகாதே!

ஈஸ்ட் எப்படி ரொட்டியை உப்ப வைக்கிறது? மாவில் உள்ள சர்க்கரையைத் தின்று, கரியமில வாயுவை வெளிவிடும். அந்த வாயு மாவுக்குள் குமிழ் குமிழாக மாட்டிக்கொண்டு மாவை உப்பச் செய்யும். இட்லி மாவு இரவெல்லாம் புளித்துக் காலையில் பொங்கி நிற்கிறதே, கிட்டத்தட்ட அதே கதைதான். இட்லி மாவில் அந்த வேலையைச் செய்பவை பெரும்பாலும் பாக்டீரியாக்கள்.

ஈஸ்ட் இல்லாமல் அந்த வாயுவை மட்டும் வரவழைக்க முடியாதா? மருந்துக் கடைக்காரருக்கு இது தெரியாதா என்ன! சமையல் சோடாவோடு ஓர் அமிலம் சேர்ந்து, தண்ணீரும் பட்டால், புஸ்ஸென்று கரியமில வாயு பொங்கி வரும். ஆனால், இரண்டையும் தனித்தனியாக அளந்து போட வேண்டும். அளவு பிசகினால் ரொட்டி சோடா நாற்றம் அடிக்கும், அல்லது புளிக்கும்.

சோடாவோடு திராட்சை ரசத்திலிருந்து கிடைக்கும் அமிலப் பொருளைச் சரியான அளவில் சேர்த்து ஒரே பொடியாக்கினார் பேர்டு. டப்பாவில் இருக்கும்போதே இரண்டும் சேர்ந்து பொங்கிவிட்டால் என்ன செய்வது? அதற்கும் வழி உண்டு. நடுவில் மாவுச்சத்தைக் கலந்துவிட்டால், அது ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். சோடாவையும் அமிலத்தையும் சேரவிடாமல் பிரித்து வைக்கும். மாவில் கலந்து தண்ணீர் ஊற்றும் வரை சண்டை இல்லை! இதுதான் பேக்கிங் பவுடர். பேர்டு இதைச் செய்தது 1843ம் ஆண்டில். இதன் உதவியால் ஈஸ்ட் இல்லாத ரொட்டி எலிசபெத்துக்குக் கிடைத்தது.

திடீர் ரவா இட்லிக்கு அம்மா மாவைப் புளிக்க வைப்பதில்லை. தயிர் ஊற்றி, சோடா கலந்து, உடனே தட்டில் ஊற்றி வைக்கிறார். தயிரில் அமிலம் இருக்கிறது. சோடா இருக்கிறது. அமிலமும் சோடாவும் சேர்ந்தால் வாயு. பேர்டின் பொடி செய்கிற வேலையும் இதுதான்.

பேக்கிங் பவுடர் கேக்குக்கும் பெரிய உதவி செய்தது. அதற்கு முன்பெல்லாம் கேக் உப்ப வேண்டுமானால் முட்டையைக் கை வலிக்க வலிக்க அடிக்க வேண்டும். ஒரு மணி நேரம் அடிக்கச் சொல்லும் சமையல் குறிப்புகள் கூட உண்டு. முட்டைக்குள் காற்றைச் சேர்ப்பதற்காகத்தான் அந்தப் பாடு. பேக்கிங் பவுடர் வந்த பிறகு அந்த வேலையில் பாதியை அது எடுத்துக்கொண்டது. முட்டையையும் குறைக்க முடிந்தது.

1853 முதல் 1856 வரை கிரிமியப் போர் நடந்தது. அதில் சண்டையிட்ட ஆங்கிலேயப் படை வீரர்களுக்கு ரொட்டி சுட பேர்டின் பொடி போனது. வட துருவப் பக்கம் பயணம் போன மெக்ளின்டாக் என்ற கப்பல் தலைவரும் இந்தப் பொடியைக் கொண்டு போனார். கடுங்குளிரில் ஈஸ்ட்டைக் காப்பாற்றி வைப்பது கஷ்டம். பொடிக்கு அந்தக் கவலை இல்லை.

கண்ணாடிக் கிண்ணங்களும் தண்ணீர் அளவியும்

பேர்டு எப்போதும் மாவும் பொடியுமாகவே இருந்தார் என்று நினைத்துவிடாதீர்கள். அவருக்கு வேறு ஆசைகளும் இருந்தன.

அவரிடம் சுருதி சேர்த்த கண்ணாடிக் கிண்ணங்கள் வரிசையாக இருந்தன. ஐந்து ஸ்தாயிகளுக்கும் மேல் ஒலிக்கும் அந்தக் கிண்ணங்களை விரல் நுனியால் தடவித் தடவி இசை எழுப்புவார். நம் ஊர் ஜலதரங்கம் கேட்டிருக்கிறீர்களா? அதில் தண்ணீர் ஊற்றிய பீங்கான் கிண்ணங்களைச் சின்னக் குச்சியால் தட்டுவார்கள். பேர்டு தட்டாமல் தடவியே வாசித்தார். மிக நன்றாகவும் வாசித்தார்.

1859ம் ஆண்டில் ஒரு தண்ணீர்ப் பாரமானியும் செய்தார். பாரமானி என்றால் காற்றின் அழுத்தத்தை அளக்கும் கருவி. பாடப்புத்தகத்தில் பாதரசப் பாரமானியின் படம் இருக்கும். அதில் பாதரசம் ஏறக்குறைய 76 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும். தண்ணீர், பாதரசத்தைவிட 13.6 மடங்கு லேசானது. அதனால் தண்ணீரை வைத்துப் பாரமானி செய்தால், குழாய் 10 மீட்டருக்கு மேல் உயரமாக இருக்க வேண்டும். மூன்று மாடி உயரம்! எதற்கு இந்தத் தொல்லை? பாதரசம் 1 மில்லிமீட்டர் ஏறினால், தண்ணீர் 13.6 மில்லிமீட்டர் ஏறும். காற்றழுத்தத்தில் ஏற்படும் மிகச் சிறிய மாற்றமும் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். நிமிடத்துக்கு நிமிடம் ஏறி இறங்குவதைப் பார்த்துக் குறித்து வைப்பதிலும், வந்தவர்களுக்குக் காட்டுவதிலும் அவருக்கு அத்தனை மகிழ்ச்சி.

ஆல்பிரட் பேர்டு 1878ம் ஆண்டு டிசம்பர் 15ம் தேதி காலமானார். அவர் வேதியியல் சங்கத்தின் உறுப்பினர். அந்தச் சங்கத்தின் இதழில் மறு வருடம் அவரைப் பற்றி இரங்கல் குறிப்பு வந்தது. அவருடைய ஆராய்ச்சிகளைப் பற்றி அதில் எழுதியிருந்தார்கள். ஆனால், அந்த நேரத்தில் வீட்டுக்கு வீடு தெரிந்திருந்த அவருடைய கஸ்டர்டு பவுடர் தொழிலைப் பற்றி ஒரு வரி கூட இல்லை! சமையலறை விஷயம்தானே என்று விட்டுவிட்டார்களோ என்னவோ. இன்று அந்தத் தண்ணீர்ப் பாரமானியைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. கஸ்டர்டு பவுடரோ உலகமெங்கும் இருக்கிறது.

பேர்டுக்குப் பின் அவர் மகன் ஆல்பிரட் பிரடெரிக் பேர்டு தொழிலை நடத்தினார். 1895ம் ஆண்டு வாக்கில் ஜெல்லிப் பொடி, முட்டைக்குப் பதிலாகப் பயன்படும் பொடி என்று பலவற்றைத் தயாரித்தார்கள். பர்மிங்காமின் டிக்பெத் பகுதியில் இருந்த அவர்களுடைய பெரிய தொழிற்சாலை 1964ம் ஆண்டில் வேறு ஊருக்கு மாறிப் போனது. பழைய கட்டடம் இடிக்கப்படவில்லை. கலைஞர்களும் சிறு தொழில் செய்பவர்களும் இயங்கும் இடமாக மாறிவிட்டது. அதன் பெயர் என்ன தெரியுமா? கஸ்டர்டு பேக்டரி!

முட்டைக்குப் பதில் என்ன?

பேர்டு காட்டிய வழியில் இன்றும் பலர் நடக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் ஒருவருக்கு வாரம் ஒரு முட்டைதான் ரேஷன். அதுவும் எப்போதும் கிடைக்காது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த உலர்ந்த முட்டைப் பொடியை வைத்துச் சமாளித்தார்கள். நம் நாட்டில் சைவ உணவுக்காரர்கள் அதிகம். அதனால் முட்டையில்லா கேக் இங்கே பேக்கரிகளில் தனித் தட்டிலேயே இருக்கும். நம் பள்ளிச் சத்துணவில் கூட, முட்டை சாப்பிடாத குழந்தைகளுக்கு வாழைப்பழம் தருகிறார்கள் அல்லவா?

முட்டைக்குப் பதில் என்ன போடலாம் என்று கேட்டால், ஒரே பதில் கிடையாது. அந்தப் பண்டத்தில் முட்டை என்ன வேலை செய்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்.

* கெட்டிப்படுத்தும் வேலை என்றால் (கஸ்டர்டு, புட்டிங்): மக்காச்சோள மாவு.

* ஒட்ட வைக்கும் வேலை என்றால் (கட்லெட்): மைதா அல்லது மக்காச்சோள மாவைத் தண்ணீரில் கரைத்து, அதில் தோய்த்து, ரஸ்க் தூளில் புரட்டினால் போதும்.

* ஈரப்பதமும் மென்மையும் தரும் வேலை என்றால் (கேக்): ஒரு முட்டைக்குக் கால் கப் தயிர். உப்புவதற்குக் கொஞ்சம் சமையல் சோடா. நன்கு மசித்த பாதி வாழைப்பழமும் போடலாம். ஆனால், பழ வாசனை வரும்.

* பிஸ்கெட், ரொட்டி வகைக்கு: ஒரு மேசைக்கரண்டி ஆளி விதைப் பொடியை மூன்று மேசைக்கரண்டி தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்தால், வெள்ளைக்கரு போல வழவழவென்று ஆகும். அது ஒரு முட்டைக்குச் சமம்.

* நுரை பொங்கும் வேலை என்றால்: கொண்டைக்கடலை வேகவைத்த கெட்டித் தண்ணீர்! 2014ம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டுப் பாடகர் ஜோயல் ரோசெல், இதை அடித்தால் முட்டை வெள்ளைக்கரு போல நுரைக்கும் என்று கண்டார். மூன்று மேசைக்கரண்டி, ஒரு முட்டைக்குச் சமம்.

ஐந்து, ஆறு முட்டை போடச் சொல்லும் கேக்குக்கு இந்த மாற்று எதுவும் சரிவராது. அதற்கு முட்டையில்லா கேக் குறிப்பையே தனியாகப் பார்த்துச் செய்வதுதான் நல்லது.

செய்து பாருங்கள்!

1. ஒரு டம்ளரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடா போடுங்கள். பாதி எலுமிச்சம் பழத்தைப் பிழியுங்கள். பொங்கி வருவதுதான் கேக்கை உப்ப வைக்கும் வாயு.

2. இரண்டு கப் மக்காச்சோள மாவில் ஒரு கப் தண்ணீர் ஊற்றிப் பிசையுங்கள். விரலை மெதுவாக விட்டால் உள்ளே போகும். வேகமாகக் குத்தினால் கல் மாதிரி தடுக்கும்! (அம்மாவிடம் கேட்டுவிட்டு மாவை எடுங்கள்.)

3. கஸ்டர்டு செய்யும்போது பெரியவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பொடியை முதலில் ஆறிய பாலில் கரைத்து, பிறகு கொதிக்கும் பாலில் ஊற்றிக் கிளற வேண்டும். நேராகச் சூடான பாலில் கொட்டினால் வெளிப்பக்கம் உடனே வெந்து, உள்ளே மாவு மாவாக நின்று, கட்டி தட்டிவிடும்.

குழந்தைகளே, உங்கள் வகுப்பிலும் முட்டையோ, பாலோ, வேர்க்கடலையோ ஒத்துக்கொள்ளாத நண்பர் இருக்கலாம். அவரைக் கேலி செய்யாதீர்கள். ஒரு வாய்தானே, ஒன்றும் ஆகாது என்று வற்புறுத்தவும் செய்யாதீர்கள். ஒரு வாயே சிலருக்கு ஆபத்து. முட்டை இல்லை என்று எழுதியிருந்தாலும், அதில் பால் இருக்கலாம். பொட்டலத்தில் அச்சிட்டிருக்கும் பொருட்களின் பட்டியலைப் படித்துப் பார்த்துக் கொடுங்கள்.

உங்கள் பிறந்தநாளுக்கு வகுப்பில் எல்லாருக்கும் ஏதாவது கொடுக்கப் போகிறீர்களா? அந்த நண்பரும் சாப்பிடும்படியாக ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அவர் முகத்தில் வரும் சிரிப்பைக் கவனியுங்கள். புல் தெருக் கடையில் தராசும் கரண்டியுமாக உட்கார்ந்திருந்த ஆல்பிரட் பேர்டு எதற்காக அவ்வளவு பாடுபட்டார் என்பது உங்களுக்குப் புரிந்துவிடும்.